பயணப்பெட்டியின் உட்புறத்தைத் தூய்மை செய்தல்: கேள்வி பதில்

பயணப்பெட்டிகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். சக்கரமோ கைப்பிடியோ மாற்றுவதற்காக நாள்தோறும் லைனிங்கைப் பிரிப்பவன் என்பதால், அந்தத் துணிக்குப் பின்னால் என்னென்ன சேர்கிறது என்பதை நேரில் பார்த்து வருகிறேன். கேள்விகளுக்கு வந்த வரிசையிலேயே பதில் தருகிறேன்.

கேள்வி: சூட்கேஸுக்குள் ஷாம்பு கொட்டிவிட்டது. தண்ணீர் ஊற்றிக் கழுவலாமா?

பதில்: ஊற்ற வேண்டாம். லைனிங் துணி பெரும்பாலும் ஓரங்களில் மட்டுமே தைக்கப்பட்டோ ஒட்டப்பட்டோ இருக்கும். அதன் பின்னால் துணிப்பெட்டியாக இருந்தால் அட்டையும் ஸ்பாஞ்சும், கெட்டிப்பெட்டியாக இருந்தால் கைப்பிடிக் குழாய்களும் உள்ளன. ஊற்றிய தண்ணீர் அங்கே இறங்கிவிட்டால் வெளியேற வழியில்லை. கைப்பிடி மாற்றுவதற்காக வந்த ஒரு பெட்டியின் லைனிங்கைப் பிரித்தபோது, அடியட்டை விரல் பட்டதுமே அடுக்கடுக்காக உரிந்து கையோடு வந்தது. அதன் பின்பக்கம் முழுவதும் கறுப்புப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. அந்தப் பெட்டி மேலே பளிச்சென்றுதான் இருந்தது.

ஷாம்புவே நுரைக்கும் பொருள் என்பதால் மேலும் சோப்புப் போடத் தேவையில்லை. வெறும் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால், நுரை வருவது நிற்கும்வரை திரும்பத் திரும்பத் துடையுங்கள். பல பெட்டிகளில் லைனிங்கிலேயே ஒரு ஜிப் இருக்கும். அதைத் திறந்து பின்புறத்தையும் துடைத்து, மின்விசிறியின் கீழ் விரியத் திறந்து வையுங்கள். ஈரம் இருக்கும்போது பெட்டியை மூடாதீர்கள்.

கேள்வி: ஓராண்டாகப் பரணில் கிடந்த பெட்டியில் மக்கல் வாடை வீசுகிறது. சமையல் சோடாவையும் வினிகரையும் கலந்து தெளிக்கலாமா?

பதில்: கலந்தால் இரண்டும் வீணாகும். சோடா காரம், வினிகர் அமிலம்; ஒன்றையொன்று சமன்செய்து கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் சோடியம் அசிடேட் என்ற உப்பாகவும் மாறிவிடும். சோடாவை உலர்ந்த தூளாகவே தூவி, ஓர் இரவு விட்டு, மறுநாள் வாக்கும் கிளீனரால் உறிஞ்சி எடுங்கள். அதன் பிறகும் வாடை இருந்தால், வினிகரில் சம அளவு தண்ணீர் சேர்த்து, அதில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து உலர்த்துங்கள்.

கேள்வி: இதை நான் ஏற்கவில்லை. பல ஆண்டுகளாகக் கலந்துதான் தெளிக்கிறேன். பொங்கும் நுரை அழுக்கைத் தள்ளிக்கொண்டு வருவதைக் கண்ணால் பார்க்கிறேன், வாடையும் போய்விடுகிறது.

பதில்: நீங்கள் பார்த்தது உண்மைதான். கெட்டியான பரப்பில் ஒட்டியுள்ள தூசியை அந்தக் குமிழிகள் சற்றுத் தளர்த்தும். ஆனால் துணியில் நுரை அடங்கியதும் உப்புக் கரைசல் இழைகளுக்குள் ஊறிவிடுகிறது. காய்ந்த பின் தையலோரம் தெரியும் வெள்ளைப் படிவு அதுதான். வாடையைப் போக்கியது, இரண்டில் எதை அதிகமாகச் சேர்த்தீர்களோ அதில் மிஞ்சிய பகுதி.

கேள்வி: அப்படியானால் வினிகருடன் பிளீச் கலந்தால் வேலை செய்யுமா?

பதில்: ஒருபோதும் கலக்காதீர்கள். அமிலம் பட்டதும் பிளீச்சிலிருந்து நச்சான குளோரின் வாயு வெளியாகும். குனிந்து பெட்டிக்குள் தலையை விட்டுத் துடைப்பவரின் மூச்சுக்குள் அது நேராகச் செல்லும். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானையும் பிளீச்சுடன் சேர்க்கக் கூடாது. இந்தப் பதிலை மட்டுமாவது வீட்டில் உள்ள அனைவருக்கும் படித்துக்காட்டுங்கள்.

கேள்வி: குழாயடியில் வைத்துக் கழுவலாமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: விடுதியிலிருந்து மூட்டைப்பூச்சி வந்திருக்குமோ என்று அஞ்சுகிறேன்.

பதில்: வளர்ந்த பூச்சி ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் இருக்கும், முட்டை 1 மில்லிமீட்டர் அளவுள்ள வெண்மணி. டார்ச் அடித்துத் தையல் மடிப்பு, ஜிப்பின் அடிப்பட்டை, பைகளின் மூலை ஆகியவற்றைப் பாருங்கள்; கறுப்புப் புள்ளிகள் அவற்றின் எச்சம். துணிகளை உடனே பையில் கட்டி எடுத்துச் சென்று, டிரையரில் அதிக வெப்பத்தில் 30 நிமிடம் ஓட்டுங்கள். பெட்டியின் தையல்களை ஒடுங்கிய முனையுள்ள வாக்கும் கிளீனரால் உறிஞ்சி, அந்தத் தூசியைக் கட்டி வெளியே போடுங்கள். ஃபிரீசரில் வைக்கக்கூடிய சிறிய பெட்டியானால், மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் நான்கு நாட்கள் இருக்கட்டும். வெயிலை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு பக்கம் சுட்டால் பூச்சி குளிர்ந்த மடிப்புக்கு நகர்ந்துவிடும்.

கேள்வி: நகப்பூச்சுக் கறையை அசிட்டோனால் எடுக்கலாமா?

பதில்: பாலிகார்பனேட், ஏபிஎஸ் ஆகிய கெட்டி பிளாஸ்டிக்கால் ஆன பெட்டிகளில் கூடாது. லைனிங் வழியே பெட்டியின் வெளி ஓட்டில் பட்டால் ஓடு மங்கி வெடிப்பு விடும்.

கேள்வி: பழைய பெட்டியின் உட்பூச்சு பிசுபிசுவென்று கையில் ஒட்டுகிறது. எதனால் துடைப்பது?

பதில்: அது அழுக்கன்று. பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் பூச்சு காற்றிலுள்ள ஈரத்தால் ஆண்டுக்கணக்கில் சிதைந்ததால் வந்த பிசுபிசுப்பு அது. எதைக் கொண்டு துடைத்தாலும் திரும்ப வரும். லைனிங்கையே மாற்ற வேண்டும்.

கேள்வி: அந்துருண்டை போட்டு மூடி வைக்கலாமா?

பதில்: வேண்டாம். நாப்தலின் ஆவி துணியிலும் பிளாஸ்டிக்கிலும் ஊறிவிடும். இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அது அந்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது. குழந்தையின் துணி வைக்கும் பெட்டியில் அறவே கூடாது. சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போதும், பெட்டி முழுவதும் உலர்ந்திருந்தால்.

கேள்வி: வாஷிங் மெஷினில் போடலாமா?

பதில்: கூடாது. தண்ணீர் பற்றிய கேள்விகளுக்கு இனி பதில் தர மாட்டேன்.

கேள்வி: பெட்டியின் பூட்டு எண்ணை மறந்துவிட்டேன்.

பதில்: அதைப் பூட்டுக்காரரிடம் கேளுங்கள்.

கேள்வி: ஷாம்பு கொட்டியதாகக் கேட்டது நான்தான். இரவு முழுவதும் விசிறியில் வைத்தேன், தொட்டால் உலர்ந்திருக்கிறது. துணி அடுக்கலாமா?

பதில்: லைனிங் ஜிப்பைத் திறந்து கையை உள்ளே விட்டு, கைப்பிடிக் குழாய்கள் இரண்டுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தைத் தொட்டுப் பாருங்கள். அங்கே விரலுக்குச் சிறிதளவு குளிர்ச்சி தெரிந்தாலும் இன்னும் ஒரு நாள் திறந்தே இருக்கட்டும்.