நான் இதழியல் படிக்கவில்லை. எங்கள் பகுதிப் பிரச்சினையைக் கைப்பேசியில் படமெடுத்துப் போட்டால் ஏதாவது நடக்குமா?

நடக்கும். ஆனால் நீங்கள் நினைக்கிற வழியில் நடக்காது.

"நான் இதழியல் படிக்கவில்லை" என்று கேள்வியிலேயே தயங்கியிருக்கிறீர்கள். அதை முதலில் விடுங்கள். 1984இல் அகமதாபாத்தில், சுயதொழில் செய்யும் ஏழைப் பெண்களின் சங்கமான சேவா அமைப்பின் பெண்கள் 20 பேர் வீடியோ எடுக்கப் பயிற்சி பெற்றார்கள். அவர்களில் பலருக்கு எழுதப் படிக்கவே தெரியாது.

இனி என் கதை. எங்கள் தெருக்குழாயில் மாதக்கணக்கில் தண்ணீர் வரவில்லை. குழாயடியில் ஒரு பாட்டியைப் பேசவிட்டு எடுத்தேன். 12 நிமிடம் பேசினார். அதில் கண் கலங்கிய 40 விநாடியை மட்டும் வெட்டி, பின்னால் சோக இசை சேர்த்துப் போட்டேன். தாறுமாறாகப் பரவியது. ஒரு செய்திச் சேனல் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், மூலையில் தன் முத்திரையை ஒட்டி அதையே ஓட்டியது. அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை, இருக்கட்டும். தண்ணீர் மட்டும் வரவில்லை.

பேரனின் போனில் அதைப் பார்த்த பாட்டி என்னைக் கூப்பிட்டனுப்பினார். "அவ்வளவு நேரம் பேசினேனே, அழுததுதான் உனக்குக் கிடைச்சுதா? மோட்டாரைக் கழற்றிட்டுப் போனவங்க ஏன் திரும்பி வரலைன்னு கேட்டேனே, அது எங்கே போச்சு?"

வீட்டுக்கு வந்து முழுப் பதிவையும் கேட்டேன். மோட்டாரைக் கழற்றிக்கொண்டுபோன மாதம் எது, கழற்றிய ஆட்கள் சொன்ன காரணம், யாரிடம் எத்தனை முறை மனு கொடுத்தார்கள் என்பது வரை எல்லாம் அதில் இருந்தது. வெட்டிப் போட்டவன் நான்தான்.

அந்த நாட்களில்தான் ஃபோகோ தீவைப் பற்றிப் படித்தேன். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்குப் பக்கத்தில் உள்ள மீனவர் தீவு. அங்கிருந்தவர்களை வேறிடத்தில் குடியேற்றும் பேச்சு நடந்த 1967இல், காலின் லோ என்ற இயக்குநர் அவர்களைப் பேசவைத்து 27 குறும்படங்கள் எடுத்தார். முதலில் தீவுக்காரர்களுக்கே போட்டுக் காட்டி, அவர்கள் சம்மதித்ததைத்தான் வெளியே கொண்டுபோனார்கள். பிறகு அரசுக்குக் காட்டி, அமைச்சரின் பதிலையும் படமாக்கித் தீவுக்கே திரும்பக் கொண்டுவந்தார்கள். மக்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தீவிலேயே தங்கிவிட்டார்கள். படம் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை, யாரும் சண்டைக்கு வராதீர்கள்.

நானும் அப்படியே செய்தேன். இசையைத் தூக்கிவிட்டுப் பாட்டியின் பேச்சை ஒழுங்காகத் தொகுத்து, எங்கும் போடாமல், ஒரு மாலை தெருச் சுவரில் ஓட்டினேன். "அது போன மாசம் இல்லை, அதுக்கு முந்தின மாசம்" என்று ஒரு அக்கா திருத்தினார். ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்ப்பதாகச் சொன்ன ஒருவர் தன் முகம் வேண்டாமென்றார், எடுத்துவிட்டேன். மறுநாள் அந்தக் கூட்டத்திலிருந்து எட்டுப் பேர் என்னோடு அலுவலகத்துக்கு வந்தார்கள். அதிகாரி ஒரு தேதி சொன்னார். அவர் அனுமதியோடு அதைப் பதிவுசெய்து, அதே சுவரில் அன்றிரவே காட்டினோம். தெருவுக்கே அந்தத் தேதி தெரிந்துபோனது. 11 நாள் தாமதமாக மோட்டார் வந்தது.

ஒரு மோட்டாருக்கு இவ்வளவு அளப்பா என்று சிலர் கேட்பீர்கள். குடம் தூக்கியவர்களிடம் கேளுங்கள். இரண்டாவது வீடியோவைப் பார்த்தவர்கள் முதலாவதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம், ஒலியில் கஞ்சத்தனம் வேண்டாம். படம் ஆடினாலும் பொறுத்துக்கொள்வார்கள், பேச்சு காற்றில் போனால் போனதுதான். வெட்டாத மூலக் கோப்பை அழிக்காதீர்கள். "ஒட்டுவேலை" என்று யாராவது கிளப்பினால் காட்ட அதுதான் இருக்கும்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். நாலு வீடியோ எடுத்ததும் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் நான் இலவச வீடியோகிராபர் ஆகிவிட்டேன். "நீதான் நல்லா எடுப்பியே" என்று விசேஷம் தவறாமல் கூப்பிடுகிறார்கள். குழாய் வீடியோவை அவர்களில் ஒருவர்கூடப் பகிரவில்லை.