தடைக்காலம் முடிந்த கையோடு வரும் கட்டணம்

மதிப்பிற்குரிய ஐயா,

தொண்டிக்குப் பக்கத்தில் நாட்டுப்படகு வைத்துத் தொழில் செய்கிறேன். மண்டபத்தில் இருக்கும் என் அக்காள் மகளுக்கு இந்த ஆண்டு கலந்தாய்வில், ஒரு தனியார் கல்லூரியில் பொறியியல் இடம் கிடைத்திருக்கிறது. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண். முதல் பட்டதாரிச் சலுகை போக, விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் பணம் புரட்ட முடியாமல் அக்காள் என்னிடம் கேட்கிறாள். ஆனால் என் கேள்வி வேறு. உயர்கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று நீங்கள் தொடர்ந்து எழுதுகிறீர்கள். அது கல்லூரி வாசலையே மிதிக்காத என்னைப் போன்றவர்களின் வரிப்பணமும்தானே? படித்தவர்தான் நாளை சம்பாதிக்கப் போகிறார். அவரே கடன் வாங்கிப் படித்து அவரே அடைப்பதல்லவா நியாயம்?

ஒரு வாசகர், தொண்டி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கேள்வியில் பாதி முற்றிலும் சரி. வருமான வரி கட்டாதவர்கள் வரியே கட்டுவதில்லை என்று பலர் நினைக்கிறார்கள். கைப்பேசிக்கு ரீசார்ஜ் செய்யும் ஒவ்வொரு முறையும் நீங்கள் 18 விழுக்காடு ஜிஎஸ்டி கொடுக்கிறீர்கள். ஆகவே அந்தப் பணத்தில் யார் படிக்கிறார்கள் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கும் அதே சலுகை எதற்கு என்றால் அதையும் ஏற்கிறேன். 2016இல் ஐஐடிகளில் ஆண்டுக் கட்டணம் 90,000 ரூபாயிலிருந்து 2 லட்சமாக உயர்ந்தபோது, ஆண்டு வருமானம் 1 லட்சத்துக்குக் குறைந்த குடும்பத்தாருக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கும் முழு விலக்கு தரப்பட்டது. இயன்றவர் கொடுக்கட்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் படிப்பவரே கட்டட்டும் என்று விட்டுவிட்டால் அந்தச் செலவு உங்களை விட்டு விலகிவிடும் என்பதை நான் ஏற்கவில்லை. தனியார் கல்லூரியில் பெருந்தொகை கட்டி மருத்துவரான ஒருவர், போட்ட காசை எடுத்தாக வேண்டிய நிலையில்தான் தொழிலைத் தொடங்குகிறார். அதை அவர் எடுப்பது உங்களையும் என்னையும் போன்ற நோயாளிகளிடமிருந்துதான். அதுவும், வரியைப் போலச் சிறுகச் சிறுக அல்லாமல், வீட்டில் ஒருவர் படுத்த படுக்கையாக இருக்கும் நாளில் மொத்தமாகக் கொடுக்க நேர்கிறது. 2022 ஜனவரியில் இராமநாதபுரத்தில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியில், அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டின் வழியே அரசுச் செலவில் படிக்கும் பிள்ளைக்கு அந்த நெருக்கடி கிடையாது. கல்லூரி வாசலை மிதிக்காதவருக்கும் அந்தக் கல்லூரியில் பங்கு இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

அடுத்தது கடன். 4 லட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்கு ஈடு கேட்கக் கூடாது என்பது விதி. ஆனால் பெற்றோரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும், படிப்பு முடிந்து ஓராண்டு கழிந்ததும், வேலை கிடைத்ததோ இல்லையோ, தவணை தொடங்கிவிடும். ஆஸ்திரேலியாவில் 1989இல் வேறொரு முறையைக் கொண்டுவந்தார்கள். அங்கே கட்டணத்தை முதலில் அரசு ஏற்கிறது. படித்தவரின் வருமானம் ஒரு வரம்பைத் தாண்டிய பிறகே, வரியோடு சேர்த்து அது திரும்பப் பெறப்படுகிறது, தாண்டாத ஆண்டில் ஒன்றும் கட்ட வேண்டியதில்லை. சம்பாதிப்பவர் திருப்பித் தரட்டும் என்ற உங்கள் நியாயம் இந்த முறையில் அடங்கியிருக்கிறது, கடனாளி ஆகிவிடுவோமோ என்ற அச்சத்தில் படிப்பையே கைவிடும் நிலையும் இதில் இல்லை. இதை நான் மனமார ஆதரிப்பேன்.

நம் கரையில் யார் கட்டுவது என்பதைவிட எப்போது கட்டுவது என்பதே பல பிள்ளைகளின் படிப்பைத் தீர்மானிக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. அந்த இரண்டு மாதம் உலை வைக்க வாங்கிய கடனை அடைக்கத் தொடங்கும் நேரத்தில்தான் கலந்தாய்வு வருகிறது, இத்தனை நாளுக்குள் கட்டு என்று கல்லூரி சொல்கிறது. எங்கள் தெருவில் ஒரு தாய், மகளின் விடுதிக் கட்டணத்துக்காக மீன் வாங்கும் கம்பெனியில் முன்பணம் வாங்கினார். அதற்குப் பிறகு, அவர் கணவர் கொண்டுவந்த நண்டையும் கணவாயையும் கம்பெனி சொன்ன விலைக்கே போட வேண்டியதாயிற்று. மகள் பட்டம் வாங்கிய ஆண்டிலும் அந்தக் கணக்கு தீரவில்லை. கட்டணச் சீட்டில் இருந்த தொகையைவிட எத்தனை மடங்கு அந்தக் குடும்பம் கொடுத்தது என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை.

1950களில் சென்னை எம்ஐடி பொறியியல் கல்லூரியில் சேர அப்துல் கலாமுக்கு ஏறத்தாழ 1,000 ரூபாய் தேவைப்பட்டபோது, அவருடைய சகோதரி ஜோஹரா தம் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்ததை இராமேஸ்வரத்தில் இன்றும் பெருமையோடு சொல்கிறோம். எனக்கும் அந்தப் பெருமை உண்டு. ஆனால் அடகு வைக்க வளையல் இல்லாத அக்காள்களின் தம்பிகள் என்ன ஆனார்கள் என்ற கேள்வி, அந்தக் கதையைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் என்னைத் துன்புறுத்துகிறது.

உங்கள் அக்காள் மகளின் நிலையும் அதுதான். 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் பொறியியலுக்குச் செல்லும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. உதவி பெறும் பள்ளியில் படித்த ஒரே காரணத்தால் அதே தெருப் பிள்ளைக்கு அது கிடைப்பதில்லை. நம் கடற்கரை ஊர்கள் பலவற்றில் அருகில் இருப்பதே உதவி பெறும் பள்ளிதான் என்பதைக் கணக்கில் எடுக்காத இந்தப் பிரிவினை மாற வேண்டும்.

அதுவரை, கல்லூரியில் படிக்கும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் அரசு தரும் மாதம் 1,000 ரூபாய், அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் நீட்டிக்கப்பட்டிருப்பதால், கல்லூரியில் சேர்ந்தவுடன் அவளை விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். முதல் பட்டதாரிச் சான்றிதழை இ-சேவை மையத்தில் பதிந்துவிட்டார்களா என்று அக்காளிடம் கேளுங்கள். முதல் ஆண்டு விடுதித் தொகையை, தாய்மாமன் என்ற முறையில், நீங்கள் கட்டிவிடுங்கள். முன்பணம் கேட்டு உங்கள் அக்காள் கம்பெனி வாசலுக்குப் போவதற்கு முன்பே கட்டிவிடுங்கள்.

அன்புடன்.