கோவில்பட்டிக்கு ஒரு டிக்கெட்

அன்புள்ள ஐயா,

நான் ஆறாம் வகுப்பு ஆசிரியை. என் வகுப்பில் ஒரு பையனுக்குத் திக்குவாய். அவன் திணறும்போது மனசு கேட்காமல் மிச்சத்தை நானே சொல்லிவிடுவேன். அக்டோபர் 22 திக்குவாய் விழிப்புணர்வு நாளாம். ஊர்வலம் போக இருக்கிறோம். பதாகைக்கு ஒரு வாசகம் எழுதித் தருவீர்களா? வசம்பு தேய்த்தால் சரியாகிவிடும் என்கிறார்களே, உண்மையா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

வசம்பை விடுங்கள். வகுப்போடு சேர்ந்து செய்யுள் ஒப்பிக்கும்போது அவனுக்குத் திக்குகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் திக்காது. அதே நாக்குதானே?

பதாகைக்கு அப்புறம் வருகிறேன். 'மிச்சத்தை நானே சொல்லிவிடுவேன்' என்கிறீர்கள். கேட்காதது மனசா, பொறுமையா டீச்சர்?

கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் செய்தவன்தான். என் பெரியப்பா மகனுக்குத் திக்குவாய். 'க' வரிசையில்தான் மாட்டிக்கொள்வான். ஊரோ கோவில்பட்டி. ஒருமுறை மதுரையிலிருந்து சேர்ந்து வந்தோம். கண்டக்டர் வந்து நின்றார். அண்ணனுக்குக் கழுத்து நரம்பு புடைத்துவிட்டது, வலது கை தொடையைத் தட்டிக்கொண்டே இருந்தது. பின்சீட்டில் யாரோ சிரித்தார்கள். நான் முந்திக்கொண்டு "கோவில்பட்டி ரெண்டு" என்றேன். பெரிய உபகாரம் செய்துவிட்ட நினைப்பு வேறு.

சாத்தூர் தாண்டும்வரை அவன் ஜன்னலைவிட்டுத் திரும்பவில்லை. அப்புறம் திக்கித் திக்கிச் சொன்னான்: "தனியா வந்தா திருநெல்வேலிக்கு டிக்கெட் எடுத்துட்டு நடுவுல இறங்கிருவேன். இன்னைக்கு நீ கூட இருக்கியேன்னுதான் சொல்லிப் பார்த்தேன்."

எத்தனை வருஷம் திருநெல்வேலிக்குக் காசு கொடுத்தானோ! பெரியவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவருக்குத் திக்குவாய் உண்டு. ரெண்டு பஸ்ஸுக்கு ஓர் ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் முடித்துக் கொடுக்காதீர்கள். 'மெதுவாப் பேசு' என்றும் சொல்லாதீர்கள். 1939-இல் அமெரிக்காவில், அயோவாவின் அநாதை இல்லம் ஒன்றில், நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளைகள் சிலரிடமே 'உனக்குத் திக்குகிறது, பார்த்துப் பேசு' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆராய்ச்சியாம். பிள்ளைகள் வாயைத் திறக்கவே கூச்சப்பட ஆரம்பித்தார்கள். அதை நடத்திய அயோவா பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது 2001-இல். நீங்கள் சும்மா அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். கடிகாரத்தை அல்ல. பேச்சுப் பயிற்சியாளர் யாரிடமாவது காட்டச் சொல்லிப் பெற்றோரிடமும் பேசுங்கள்.

வாசகம் கேட்டிருந்தீர்கள் இல்லையா? எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஊர்வலம் வேண்டுமா என்று அந்தப் பையனிடம் கேட்டீர்களா? கேட்பதானால், மணி அடிக்க நிறைய நேரம் இருக்கும்போது கேளுங்கள்.