மர வியாபாரிக்கு எதைக் கொடுப்பது, பறவைக்கு எதை விடுவது?

கேள்வி: ஒடுகத்தூர் பக்கம், ஜவ்வாது மலையடிவாரத்தில் மூன்று ஏக்கர் நிலம் இருக்கிறது. வரப்போரம் பழைய இலுப்பை, வேம்பு, நாலைந்து மா, தலைபோன பனை ஒன்று, ஒரு மூலையில் பன்னிரண்டு வருடத் தேக்கு. வியாபாரி மொத்தமாக விலை பேசுகிறார். பணமும் வேண்டும், கூடு கட்டும் பறவைகளும் இருக்க வேண்டும். என்ன செய்யலாம்?

பதில்: மொத்த விலைக்குச் சம்மதிக்காதீர்கள். மரம் மரமாக அளக்கச் சொல்லுங்கள். கட்டையின் நடுச்சுற்றை நாலால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவதுதான் வழக்கமான கணக்கு. சுற்று 48 அங்குலம், நீளம் 10 அடி என்றால், நாலில் ஒன்று 12 அங்குலம், அதாவது ஒரு அடி; ஆக 10 கன அடி. இது வெளிச்சுற்றுக் கணக்கு. உள்ளே பொந்து இருந்தால் வியாபாரி கழிப்பார். பெரும்பொந்தானால் விறகு விலைதான். உங்கள் இலுப்பையில் பொந்து இருந்தால் அதில் பெரிய காசு கிடைக்காது. ஆனால் பறவைகளுக்கு வேண்டியது அதே மரம்தான்.

பொந்தில் வாழும் பறவைகளில் தானே துளைப்பவை சில, பிறர் துளைத்ததில் குடியேறுபவை பல. பொன்முதுகு மரங்கொத்தியின் வாசல் சுமார் 8 செ.மீ.; உள்ளறை அதைவிட அகலம், சுவருக்கும் கனம் மிஞ்ச வேண்டும். 80 செ.மீ. சுற்றாவது இருந்தால்தான் தோதுப்படும். செம்மார்புக் குக்குறுவானுக்கு அவ்வளவு வேண்டாம். பட்டுப்போன முருங்கைக் கிளையே போதும். வாசலைப் பெரும்பாலும் கிளையின் அடிப்பக்கம் வைக்கும், மழைநீர் இறங்காது. இவை விட்டுப்போன துளைகளில் கிளி, மைனா, குண்டுகரிச்சான் குடியேறும். புள்ளி ஆந்தைக்குக் கிளை முறிந்து உளுத்துத் தானாக உண்டான பெரும்பொந்து வேண்டும். அதற்குப் பல பத்தாண்டு வயதான மரம் தேவை. தலைபோன பனையைத் தொடாதீர்கள்: பனங்காடைக்கும் கிளிக்கும் அதுதான் வீடு.

கிளையில் கூடு கட்டுபவற்றுக்குச் சுற்றளவு முக்கியமில்லை, கோடையில் இலை இருக்கிறதா என்பதுதான் கேள்வி. மாங்குயில் இலைச்செறிவில் கவைக்கிளையில் கூட்டைத் தொங்கவிடும். வல்லூறு உயரக் கவையில் குச்சிக்கூடு வைக்கும். மா இலை உதிர்க்காது, வேம்பு பங்குனிக்குள் துளிர்த்துவிடும். தேக்கோ அந்த மாதங்களில் மொட்டையாக நிற்கும். தைல மரம் வைக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள்: சில வருடத்திலேயே காகித ஆலைக்கு வெட்டிவிடுவதால் பொந்து விழும் வயதை அது எட்டுவதே இல்லை.

ஆக, தேக்கில் கோணலும் நெருக்கமும் உள்ளவற்றைக் களையுங்கள். நேரானவை 20 வருடம் தாண்டட்டும், இப்போது அறுத்தால் வைரம் (உள்ளே இருக்கும் கெட்டி மரம்) குறைவு, அதைச் சுற்றியுள்ள வெள்ளைதான் அதிகம். அடிமரம் நேராக, பொந்தில்லாமல் இருக்கும் வேம்பில் பாதியைக் கொடுக்கலாம். பொந்து மரம், பட்ட மரம் எல்லாம் நிற்கட்டும். வீட்டுக்கோ மின்கம்பிக்கோ ஆபத்து என்றால் கொண்டையை மட்டும் இறக்கி, 12 அடி அடிமரத்தை விடுங்கள். பொந்தைச் சிமென்ட் வைத்து அடைக்க வேண்டாம். உளுப்பு நிற்காது, பறவை மட்டும் போய்விடும்.

வெட்டும் காலம்: பிப்ரவரி முதல் ஜூலை வரை கூடாது. புள்ளி ஆந்தை நவம்பரிலேயே கூடு வைக்கத் தொடங்கிவிடும். ஆகஸ்டுக் கடைசி முதல் அக்டோபர் வரை தோதான காலம். வெட்டுவதற்கு முந்தின நாள் விடிந்ததும் அரை மணி நேரம் தள்ளி நின்று பாருங்கள். அடியில் புதுச் சிராய், வெள்ளை எச்சம் கிடந்தால் அந்த மரத்தை ஒத்திப்போடுங்கள். கூட்டையும் முட்டையையும் குலைப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டைக் கணக்கில் சேரும்.

வேலியோரம் வேம்படியில் சந்தனக் கன்று தானாக முளைத்திருக்கலாம், பழம் தின்ற குயிலும் குக்குறுவானும் போட்ட விதை. வியாபாரியின் ஆட்கள் புதரோடு சேர்த்து அதை வெட்டிவிடாமல் முன்பே துணி கட்டி வையுங்கள். சந்தனம் வளர்ந்தபின் வெட்ட வனத்துறை அனுமதி கட்டாயம்.