மகளுக்குப் பிறவியிலேயே ஒரு பக்க மார்பு வளரவில்லை, இப்போதே ஆபரேஷன் செய்யலாமா?

15 வயது மகளுக்கு வலது மார்பு எழும்பவே இல்லை, உடனே இம்ப்ளான்ட் வைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். எனக்கும் வலது பக்கம்தான். பள்ளிக்காலம் முழுக்கத் துப்பட்டாவை அந்தப் பக்கம் கூடுதலாக மடித்துப் பின் குத்திக்கொண்டுதான் போனேன், அதனால் உங்கள் அவசரம் நன்றாகவே புரிகிறது.

முதலில் இரண்டு கையையும் இடுப்பில் வைத்து அழுத்தச் சொல்லுங்கள். அக்குளுக்கு முன்னால் ஒரு தசை மடிப்பு புடைத்துக்கொண்டு வரும். வலது பக்கம் மட்டும் வரவில்லை என்றால், மார்புக்கு அடியில் இருக்கிற பெரிய நெஞ்சுத் தசையிலேயே ஒரு பகுதி இல்லாமல் இருக்கலாம். இதைத்தான் போலந்து சிண்ட்ரோம் என்கிறார்கள். ஆல்ஃபிரட் போலந்து என்பவர் லண்டன் கய்ஸ் மருத்துவமனையில் மாணவராக இருந்தபோது, 1841-ல் எழுதிவைத்தது. சிலருக்கு அந்தப் பக்கத்துக் கைவிரல்களும் குட்டையாகவோ ஒட்டியோ இருக்கும். கரு உருவாகிற முதல் சில வாரங்களில் அந்தப் பக்கம் ரத்த ஓட்டம் குறைந்துபோவதுதான் காரணம் என்று பெரும்பாலும் கருதுகிறார்கள். நீங்கள் சாப்பிட்டது, கிரகணத்தில் வெளியே வந்தது எதுவும் இல்லை, யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இடது மார்பு வளர்ந்து முடிய 18 வயது வாக்கில் ஆகும், இப்போது அளவெடுத்து வைத்தால் பிறகு பொருந்தாது. அப்புறம், இம்ப்ளான்ட் மட்டும் வைத்தால் மேடு வரும், ஆனால் காலர் எலும்புக்குக் கீழே இருக்கிற பள்ளமும் அக்குள் மடிப்பும் சரியாகாது, கழுத்து கொஞ்சம் இறங்கிய ரவிக்கை போட்டால் முதலில் கண்ணில் படுவதே அதுதான். மூடத் தசை இல்லாததால் ஓரம் கையில் தட்டுப்படவும் செய்யும். எனக்குத் தொடையிலிருந்து கொழுப்பை உறிஞ்சி எடுத்து ஊசியால் ஏற்றினார்கள். அதில் ஒரு பகுதி கரைந்துவிடும் என்பதால் சில மாதம் விட்டுவிட்டுத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது, அலுப்புதான், ஆனால் தொட்டால் என் உடம்பாகவே இருக்கிறது. ஒல்லியான பெண் என்றால் எடுக்கக் கொழுப்பு போதாது, முதுகுத் தசையை முன்னால் திருப்பிக்கொண்டு வருவார்கள். சிலருக்கு அந்தத் தசையும் அதே பக்கம் குறைவாக இருக்கும், ஸ்கேன் பார்த்த பிறகே பிளாஸ்டிக் சர்ஜன் முடிவு சொல்லட்டும்.

அதுவரை, மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் ஆனவர்களுக்கு விற்கிற சிலிகான் பேடும் அதை வைக்க உள்பை தைத்த பிராவும் வாங்கிக் கொடுங்கள். அளவு பார்க்க அவளையே கூட்டிக்கொண்டு போங்கள், எது வசதி என்று அவளே போட்டுப் பார்த்துச் சொல்லட்டும்.