வரவு எழுதாத நோட்டு

கேள்வி: வாடகைக்கு விட மாடி கட்டுவதற்காக 2022 மே மாதம் அத்தையிடம் 3 லட்சம் வாங்கினேன். புரோநோட்டு எழுதிக் கொடுத்து, இரண்டு வருடம் வட்டியும் ரொக்கமாகத் தந்தேன். ஒருமுறை வரவு எழுதித் தரச் சொல்லி நோட்டை எடுத்து வந்தார். "நமக்குள்ள எதுக்கு அத்தை எழுத்தெல்லாம்" என்று அனுப்பிவிட்டேன். பிறகு கை இறுக்கம். இப்போது கண் ஆபரேஷனுக்குப் பணம் கேட்கிறார். மூன்று வருடம் தாண்டிவிட்டது, வழக்குப் போட முடியாது என்கிறார் வக்கீல். சட்டப்படி தவறில்லை, ஆனாலும் மனசு உறுத்துகிறது. — ஒரு வாசகர், திருச்சி

பதில்: உறுத்தட்டும்.

வக்கீல் சொன்ன கெடு சரிதான். ஆனால் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதற்கு வாருங்கள். அன்றைக்கு நோட்டின் பின்னால் வட்டி வரவு எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால், அந்தத் தேதியிலிருந்து இன்னொரு 3 வருடம் நோட்டு செல்லுபடியாகியிருக்கும். விவரம் தெரிந்த யாரோ சொல்லித்தான் அத்தை வந்திருப்பார். உறவைச் சொல்லி அவர் வாயை அடைத்தீர்கள். எழுத்தே வேண்டாம் என்றவருக்கு, எழுத்து காலாவதியாகிவிட்டது என்று பேச எப்படி ஐயா நாக்கு எழும்பியது?

அதில் 'சட்டப்படி தவறில்லை' வேறு. சட்டம் எங்கே அப்படிச் சொன்னது? கோர்ட்டுக்குப் போகும் வழியைத்தான் 1963-ம் வருடத்துக் காலவரையறைச் சட்டம் அடைக்கிறது. கடன் தீர்ந்துவிட்டது என்று சொல்லவில்லை. 1872-ம் வருடத்து ஒப்பந்தச் சட்டத்தின் 25-வது பிரிவு என்ன சொல்கிறது என்று அதே வக்கீலிடம் கேளுங்கள். கெடு தாண்டிய கடனையும் தருகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது செல்லும். நாணயமாக நடக்க நினைப்பவனுக்குச் சட்டமே வழி வைத்திருக்கிறது. வக்கீலைக் குறை சொல்ல மாட்டேன். நீங்கள் கேட்டது தப்பிக்கிற வழியை.

என்னைக் கேட்டால், அத்தை கடன் பேங்க் கடனுக்கும் முந்தியது. பேங்க்காரன் ஜப்திக்கு வருவான். அண்ணன் மகன் மேல் அத்தை கேஸ் போடுவாரா? போட மாட்டார் என்ற தைரியம்தானே உங்களுக்கு!

முதலில் ஆபரேஷன் செலவைக் கட்டுங்கள். மீதிக்கு, பழைய கடனைக் குறிப்பிட்டுப் புது நோட்டு எழுதி, ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்துப் போட்டு நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். மாடி வாடகை மாதாமாதம் அத்தை கணக்குக்குப் போகட்டும். நின்றுபோன வட்டியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அவராக வேண்டாம் என்றால் அது அவர் பெருந்தன்மை. நீங்களாகத் தள்ளுபடி கேட்கக் கூடாது.