அப்பாவின் பழைய கேபினட்டுக்குள் புதுக் கம்ப்யூட்டர்: எங்கே வெட்டலாம், எங்கே கை வைக்கக் கூடாது?

கேள்வி: என் அப்பா 1995 வாக்கில் மதுரை மேலமாசி வீதிப் பக்கம் டிடிபி சென்டர் நடத்தினார். கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ் எல்லாம் செய்த அந்தக் கம்ப்யூட்டரின் டவர் பெட்டி இன்னும் பரணில் இருக்கிறது. முன்பக்கம் டர்போ பட்டன், 66 என்று காட்டும் சின்ன டிஸ்ப்ளே, பெரிய பவர் பட்டன். பிளாஸ்டிக் மட்டும் மஞ்சளித்துவிட்டது. இதற்குள் இன்றைய பாகங்களைப் போட்டு என் டிசைன் வேலைக்குப் பயன்படுத்த முடியுமா? கடையில் கேட்டால் "அதெல்லாம் செட் ஆகாது, புது கேபினட் வாங்கிக்கங்க" என்கிறார்கள். பழைய பாகங்களை என்ன செய்வது?
- வாசகி, திருநகர்

பதில்: செட் ஆகும். கடைக்காரர் சொன்னதிலும் தவறில்லை. இன்றைய மதர்போர்டு (எல்லாப் பாகங்களும் செருகப்படும் முதன்மைப் பலகை) அந்தப் பெட்டியில் நேராகப் போய் உட்காராது. தகரம் வெட்டிக் கொடுக்க அவருக்கு நேரமும் இருக்காது. இந்த வேலையில் நான் விடாமல் பிடித்துக்கொள்ளும் விதி ஒன்றுதான்: பெட்டியின் முகத்தில் கை வைக்காதீர்கள், முதுகைத் தேவையான அளவுக்கு வெட்டுங்கள். அப்பாவின் பெட்டி என்று பார்த்ததும் தெரிவது முன்பக்கத்தால்தான். பின்பக்கம் சுவரைப் பார்த்துத்தானே நிற்கப்போகிறது.

முதலில் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். கீபோர்டு செருக ஒரு வட்ட ஓட்டை மட்டும் இருந்தால் அது பழைய ஏடி வகை. இன்று நாம் பயன்படுத்தும் ஏடிஎக்ஸ் அளவுமுறையை இன்டெல் 1995ல்தான் கொண்டுவந்தது. 66 என்று டிஸ்ப்ளே காட்டுவதைப் பார்த்தால் உள்ளே இருப்பது அநேகமாக 486 டிஎக்ஸ்2 என்ற அந்தக் காலத்துப் பிராசசர். அப்படியானால் பெட்டியும் ஏடிதான். புது மதர்போர்டின் யுஎஸ்பி, எச்டிஎம்ஐ, லேன் எல்லாம் வெளியே தெரிய 159 மி.மீ. நீளம், 44.5 மி.மீ. உயரத்தில் ஒரு திறப்பு வேண்டும். அது உங்கள் பெட்டியில் இருக்காது.

அந்தத் திறப்பை அளந்து வெட்டி, போர்டைத் தாங்கும் பித்தளை ஸ்டட்டுகளுக்கு ஒவ்வொரு ஓட்டையாகக் குறித்துத் துளை போடலாம். ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் ஸ்க்ரூ இறங்காது. இதைவிட நல்ல வழி, பழைய இரும்புக் கடையில் உடைந்த ஏடிஎக்ஸ் கேபினட் ஒன்றை வாங்குவது. அதில் மதர்போர்டு உட்காரும் தகடும் பின்பக்கத் திறப்பும் சரியான இடைவெளியில் ஏற்கெனவே இருக்கும். அந்த இரண்டையும் ஒன்றாக வெட்டி எடுத்து, உங்கள் பெட்டியின் முதுகில் அதே அளவுக்கு வெட்டி, உள்ளே வைத்து ரிவெட் அடித்துவிடலாம். கே.புதூர் தொழிற்பேட்டைப் பக்கம் தகர வேலை செய்கிற பட்டறை ஒன்றில் சொல்லிப் பாருங்கள். எங்கே வெட்ட வேண்டும் என்ற கோடுகளை மட்டும் நீங்களே மார்க்கரில் போட்டுக் கொடுங்கள்.

வெட்டும்போது பெட்டிக்குள் ஒரு பாகமும் இருக்கக் கூடாது. வெட்டி முடித்ததும் ஓரங்களை அரம் போட்டு மழுக்கி, தண்ணீர் விட்டுக் கழுவி, வெயிலில் காயவையுங்கள். நான் ஒருமுறை துணியால் துடைத்தது போதும் என்று விட்டுவிட்டேன். நகக்கண் அளவுகூட இல்லாத ஓர் இரும்புச் சுருள் போர்டுக்கு அடியில் போய்ச் சிக்கி, புது மதர்போர்டு ஒன்று போயிற்று.

போர்டு வாங்கும் முன் டேப் எடுத்து அளந்துவிடுங்கள். பழைய ஏடி போர்டு பின்விளிம்பில் ஏறக்குறைய 216 மி.மீ. இருக்கும். இன்றைய சிறிய அளவுப் போர்டான மைக்ரோ ஏடிஎக்ஸ் 244 மி.மீ. கூடுதலான அந்த 28 மி.மீ.தான் மேலே எஸ்எம்பிஎஸ்ஸில் (பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) போய் முட்டும். அதைவிடச் சிறிய மினி ஐடிஎக்ஸ் 170 மி.மீ. சதுரம், தாராளமாக உட்காரும். விலை கொஞ்சம் கூடுதல்தான், ஆனாலும் உங்களுக்கு நான் சொல்வது இதைத்தான். எஸ்எம்பிஎஸ் பழசு 150 மி.மீ. அகலம், 86 மி.மீ. உயரம் என்றால் புது ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் அதே இடத்தில் இறங்கும். நீளம் 140 மி.மீ.க்குள் இருக்கிற மாடலாகப் பாருங்கள். நீளமானது சிடி டிரைவ் கூண்டில் இடிக்கும்.

அடுத்தது பவர் பட்டன். இங்கே கவனம் தேவை. உங்கள் பெட்டியின் பட்டனை அழுத்தினால் 'டக்'கென்று உள்ளே போய் நிற்கும், மறுபடி அழுத்தினால்தான் வெளியே வரும். அதன் பின்னால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தடித்த வயர்கள் நான்கு வரும். அவற்றில் ஓடுவது வீட்டு மின்சாரம், 230 வோல்ட். அந்த வயர் எந்தக் காரணத்துக்காகவும் புது மதர்போர்டுப் பக்கம் போகக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகு, பழைய எஸ்எம்பிஎஸ்ஸை வயரோடு மொத்தமாகக் கழற்றி எடுத்துவிடுங்கள். அதைத் திறந்து பார்க்க வேண்டாம்.

புது மதர்போர்டுக்கு வேண்டியது ஒரு கணம் தொட்டுவிட்டு விலகும் சுவிட்ச். அந்தப் பின்களில் 5 வோல்ட்டுக்கு மேல் இருக்காது. பழைய சுவிட்சையே அப்படி மாற்றலாம். கையில் எடுத்து உற்றுப் பாருங்கள். பல சுவிட்சுகளில் மேல்பக்கமோ பக்கவாட்டிலோ குண்டூசி தடிமனில் வளைந்த ஒரு சின்னக் கம்பி தெரியும். பட்டனை உள்ளே பிடித்து நிறுத்துவது அதுதான். குறடால் அதை மெல்ல உருவிவிட்டால் பட்டன் அழுத்தியதும் உடனே திரும்பிவிடும். புதிதாக இரண்டு மெல்லிய வயரைச் சால்டர் செய்து மதர்போர்டில் செருகலாம். விரலுக்குக் கிடைக்கிற அந்த அழுத்தம் அப்பா காலத்தில் இருந்த மாதிரியே இருக்கும். கம்பி தெரியாத மாடல் என்றால், ரீசெட் பட்டனின் வயரைப் பவர் பின்னில் போட்டுவிட்டால் போதும்.

அந்த 66 டிஸ்ப்ளே வேகத்தை அளந்து காட்டுவது கிடையாது. பின்னால் இருக்கும் ஜம்பர்களை (பின்களை இணைக்கும் சின்ன மூடிகள்) அன்று யாரோ அப்படி அமைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். எஸ்எம்பிஎஸ்ஸின் நான்கு முனை மோலக்ஸ் கனெக்டரில் சிவப்பு 5 வோல்ட், கறுப்பு கிரவுண்ட். இந்த இரண்டையும் டிஸ்ப்ளேயின் பவர் வயரில் கொடுத்தால் மறுபடி எரியும். வேறு எண்ணும் வைக்கலாம். நானாக இருந்தால் 66ஐ மாற்ற மாட்டேன்.

இனி சூடு. மதுரையில் இது சின்ன விஷயம் இல்லை. 486 சில வாட்தான் இழுத்தது. அதனால் அந்தக் காலத்துப் பெட்டிக்குள் காற்றுக்கு வழியே விடவில்லை. எஸ்எம்பிஎஸ் ஃபேன் ஒன்றுதான் மூச்சு. கத்திரி வெயில் மதியத்தில் உங்கள் அறையே 37, 38 டிகிரி இருக்கும்போது, பிராசசருக்குக் கிடைப்பது அதைவிடச் சூடான காற்று. ஆகவே 65 வாட்டுக்கு மேல் போகாதீர்கள். ரைசன் 5 5600ஜி போல கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கும் பிராசசர் உங்கள் டிசைன் வேலைக்குப் போதும். பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) அதை 45 வாட்டுக்குக் குறைத்தும் வைக்கலாம். வேகத்தில் கொஞ்சம்தான் குறையும். அதோடு வரும் கூலர் 54 மி.மீ. உயரம். எஸ்எம்பிஎஸ் போர்டுக்கு மேல் தொங்குகிறதா என்று பார்த்து, இடம் இல்லையென்றால் 37 மி.மீ. உயரக் கூலர் வாங்குங்கள்.

முன்பக்கப் பிளாஸ்டிக் முகத்துக்குப் பின்னால் இரும்புத் தகடு ஒன்று இருக்கும். வெட்ட வேண்டியது அந்தத் தகட்டை. 120 மி.மீ. ஃபேனுக்கு ஸ்க்ரூ ஓட்டைகள் 105 மி.மீ. இடைவெளியில் வரும். காற்று பிளாஸ்டிக்கின் அடிப்பக்க இடைவெளி வழியாக உள்ளே வரும்; வெளியே ஒன்றும் தெரியாது. கொசுவலைத் துணி ஒரு துண்டை ஃபேன் முன்னால் கட்டி, மாதம் ஒருமுறை உதறிவிடுங்கள். பின்னால் இடம் இருந்தால் 80 மி.மீ. ஃபேன் ஒன்று காற்றை வெளியே தள்ளட்டும்.

அப்புறம் எர்த். பழைய வீடுகளில் கேபினட்டைத் தொட்டால் லேசாக ஜிவ்வென்று இழுக்கும். எர்த் இல்லாத பாயின்ட்டில் செருகினால், எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டர் வழியாகப் பெட்டியில் ஏறக்குறைய பாதி வோல்டேஜ் வந்து நிற்பதுதான் காரணம். கரண்ட் மிகக் குறைவு என்றாலும் அப்படியே விடக் கூடாது. எலக்ட்ரீஷியனை வைத்துப் பாயின்ட்டைச் சரிபாருங்கள். ரிவெட் அடித்த இடத்திலும் எஸ்எம்பிஎஸ் ஸ்க்ரூ இறங்கும் இடத்திலும் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு, மல்டிமீட்டரில் பெட்டியின் எல்லாத் தகடுகளும் ஒன்றோடொன்று தொடர்பில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள் நிறம் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருந்தால் விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். வெளுக்கத்தான் வேண்டும் என்றால் பியூட்டி பார்லர் பொருட்கள் விற்கும் கடையில் 40 வால்யூம் டெவலப்பர் கிரீம் கிடைக்கும். அதில் 12 சதவீதம் ஹைட்ரஜன் பெராக்சைடு. கையுறை போட்டு, கழற்றிய பிளாஸ்டிக்கில் மட்டும் தடவி, சமையலறை பிளாஸ்டிக் தாளால் மூடி, காலை வெயிலில் வையுங்கள். காய விட்டால் திட்டுத்திட்டாகிவிடும். உச்சி வெயில் வேண்டாம். மெல்லிய பிளாஸ்டிக் வளைந்துவிடும்.

பழைய பாகங்களை எடைக்குப் போடாதீர்கள். மதர்போர்டில் சின்னப் பீப்பாய் மாதிரி ஒரு பேட்டரி இருந்தால் இன்றே வெட்டி எடுங்கள். அது கசிந்து போர்டையே அரித்துவிடும். ஹார்ட் டிஸ்க்கைத் தனியாக எடுத்து, 40 பின் ஐடிஇ டிரைவுக்கான யுஎஸ்பி அடாப்டரில் போட்டுப் பாருங்கள். அதற்குத் தனி பவர் வேண்டும், பெரும்பாலும் அடாப்டரோடே வரும். இத்தனை வருடம் சும்மா கிடந்த டிரைவ் எத்தனை முறை சுழலும் என்று சொல்ல முடியாது. அதனால் சுழன்ற முதல் முறையிலேயே அப்பாவின் ஃபைல்கள், ஃபான்ட்கள் எல்லாவற்றையும் காப்பி எடுத்துவிடுங்கள். தகரம் வெட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது.